அந்தப் பாட்டிலைக் கொண்டுபோக ஆள் இல்லை

2022 ஆகஸ்ட் மாதம் ஒரு வெள்ளிக்கிழமை காலையில் குளிக்கப் போனபோதுதான் அந்த முதல் கறையைப் பார்த்தேன். மிளகளவுதான் இருக்கும், காவி நிறம். எனக்கு மாதவிடாய் நின்று மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன. வயது 53. பயப்பட வேண்டும் என்றுகூட அன்று எனக்குத் தோன்றவில்லை, சங்கடமாகத்தான் இருந்தது. இந்த வயதில் இனி என்ன தூரம் என்று, யாருக்கும் தெரியாமல் துணியைத் துவைத்துப் போட்டுவிட்டு, சாமி விளக்கைக்கூட ஏற்றாமல் வேலைக்குக் கிளம்பினேன். அந்தக் கறையைப் பார்த்த நாளிலிருந்து என் கருப்பையை எடுத்த நாள் வரை ஒன்பது மாதங்கள் ஓடின. அதில் ஏழு மாதங்களாவது வீண். பணமும் போனது, அந்தக் கணக்கைப் பிறகு சொல்கிறேன். ஆனால் போன மாதங்களை நினைத்தால்தான் இன்றும் நெஞ்சு அடைக்கிறது. அப்போது யாராவது ஒருவர் என்னை உட்காரவைத்து இதையெல்லாம் சொல்லியிருக்கக் கூடாதா என்று எத்தனையோ இரவுகள் நினைத்திருக்கிறேன். அதனால் எதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

நான் திண்டுக்கல்லில் ஒரு வெங்காய மண்டியில் கணக்கு எழுதுகிறேன். கணவர் இறந்து பதினொரு ஆண்டுகள் ஆகின்றன. ஒரே மகள் பெங்களூரில் இருக்கிறாள். அந்த நேரத்தில் அவள் இரண்டாவது குழந்தையைச் சுமந்துகொண்டிருந்தாள். நஞ்சுக்கொடி கீழே இறங்கியிருக்கிறது, படுத்தே இருக்க வேண்டும் என்று மருத்துவர் சொல்லியிருந்ததால், அவளிடம் எதையும் சொல்லக் கூடாது என்று முடிவு செய்துவிட்டேன். பெரியம்மாவிடம் மட்டும் போனில் சொன்னேன். "உனக்குச் சூட்டு உடம்பு. நாள் முழுவதும் உட்கார்ந்தே வேலை பார்த்தால் சூடு ஏறாமல் என்ன செய்யும்? வெந்தயத்தை ஊறவைத்துக் குடி, ஆத்தா" என்றார். குடித்தேன். இளநீர் குடித்தேன், சோற்றுக் கற்றாழையை மோரில் அடித்துக் குடித்தேன். கறை வருவதும் நிற்பதுமாக இரண்டு மாதங்கள் போயின. பெரியம்மாவின் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர் காலத்தில் அவருக்குத் தெரிந்தது அதுதான். ஆனால் இதைப் படிப்பவர்களிடம் ஒன்றைக் கெஞ்சிக் கேட்கிறேன். மாதவிடாய் நின்று ஓராண்டு முழுதாகக் கழிந்த பிறகு ஒரு சொட்டு வந்தாலும் அந்த வாரமே மருத்துவரிடம் போய்விடுங்கள். சிவப்போ, பழுப்போ, தண்ணீரில் கலந்த இளஞ்சிவப்போ, எந்த நிறமானாலும் சரி. அப்படி வருகிறவர்களில் பத்தில் ஒன்பது பேருக்குப் புற்றுநோய் இருக்காது. கருப்பையின் உட்சவ்வு வறண்டு மெலிந்திருக்கலாம், சிறு சதை வளர்ந்திருக்கலாம். அந்த ஒன்பதில் நாம் இருக்கிறோமா, பத்தாவது ஆளா என்பதை நிறத்தையும் அளவையும் பார்த்து வீட்டிலிருந்தபடியே சொல்ல முடியாது.

அக்டோபரில் எங்கள் ஊரிலேயே ஒரு மகப்பேறு மருத்துவரிடம் போனேன். கூட்டம் நிறைந்த கிளினிக். பரிசோதித்துவிட்டுப் பாப் ஸ்மியர் என்ற சோதனையை எடுத்தார். நான்கு நாளில் முடிவு வந்தது. "கர்ப்பப்பைப் புற்றுநோய் இல்லை அம்மா, பயப்படாதீர்கள். உடம்பைக் கொஞ்சம் குறையுங்கள்" என்று சொல்லி, இரத்தப்போக்கை நிறுத்த மாத்திரை எழுதிக் கொடுத்தார். எனக்கு ஏற்பட்ட நிம்மதியைச் சொல்ல முடியாது. வரும் வழியில் அரைக் கிலோ ஜிலேபி வாங்கிப் போய், காரணம் சொல்லாமலே மண்டியில் எல்லாருக்கும் கொடுத்தேன். மாத்திரை வேலை செய்தது, கறை நின்றது. ஒழுகுகிற ஓட்டுக்கு அடியில் வாளியை வைத்துவிட்டு, தரை நனையவில்லை என்று நிம்மதியாகத் தூங்குவதைப் போல ஒன்றரை மாதம் தூங்கினேன்.

இங்கே கொஞ்சம் நின்று விளக்க வேண்டும். நான் ஏமாந்தது இந்த இடத்தில்தான். நம் பேச்சில் 'கர்ப்பப்பைக் கேன்சர்' என்ற ஒரே சொல் இரண்டு வெவ்வேறு நோய்களுக்கு வழங்குகிறது. ஒன்று கருப்பையின் வாயில் வருவது. அது பெரும்பாலும் ஒரு வைரஸால் வருகிறது, பாப் ஸ்மியர் அதைத் தேடும் சோதனை. இன்னொன்று கருப்பையின் உள்ளே, மாதாமாதம் வளர்ந்து உதிரும் அந்தச் சவ்வில் வருவது. அந்தச் சவ்வை எண்டோமெட்ரியம் என்கிறார்கள். இந்த இரண்டாவதைக் கண்டுபிடிக்கப் பாப் ஸ்மியரை நம்ப முடியாது, அது அதற்காக ஏற்பட்ட சோதனையே இல்லை. என் மருத்துவர் வாய்ப்பகுதியைச் சொன்னார், நான் முழுப் பையையும் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். அரசு முகாம்களிலும் வாய், மார்பகம், கருப்பை வாய் ஆகிய மூன்று புற்றுநோய்களைத்தான் தேடுகிறார்கள். உட்சவ்வுக்கு அப்படி எல்லாருக்குமான முன்சோதனை கிடையாது. அதற்கு இருக்கிற எச்சரிக்கை மணி அந்தக் கறை ஒன்றுதான். அதை மாத்திரையால் நிறுத்தினால் மணியை நிறுத்தியதாக ஆகிவிடும். ஆகவே 'பாப் ஸ்மியர் நார்மல்' என்று சொன்னால், "சரிங்க டாக்டர், உட்சவ்வை எப்போது பார்ப்பது?" என்று அடுத்த கேள்வியைக் கேளுங்கள். எனக்கு அன்று அந்தக் கேள்வி இருப்பதே தெரியாது.

டிசம்பரில் மீண்டும் வந்தது, முன்பைவிட அதிகமாக. ஸ்கேன் எடுத்தேன். உட்சவ்வின் தடிமன் 17 மில்லிமீட்டர் என்று எழுதியிருந்தது. "கொஞ்சம் தடிப்பு" என்றார்கள். மாதவிடாய் நின்ற பிறகு இரத்தம் வரும் பெண்ணுக்கு இந்தத் தடிமன் 4 மில்லிமீட்டரைத் தாண்டினாலே திசுவை எடுத்துப் பார்க்க வேண்டும் என்பது பின்னால்தான் தெரிந்தது. 17 என்பது 'கொஞ்சம்' இல்லை. மூட்டைக்கு நூறு கிராம் எடை குறைந்தாலே தூக்கம் வராதவள் நான், என் ஸ்கேனில் இருந்த எண்ணை மட்டும் என்னவென்று கேட்கவில்லை. உங்கள் ரிப்போர்ட்டில் 'எண்டோமெட்ரியல் திக்னஸ்' என்ற வரியைத் தேடி அந்த எண்ணை நீங்களே பாருங்கள்.

ஜனவரியில் வேறொரு மருத்துவமனையில் டி அண்டு சி செய்தார்கள். மயக்கம் கொடுத்துக் கருப்பையைச் சுரண்டிச் சுத்தம் செய்வது. கூட ஆள் வேண்டும் என்றார்கள். எதிர்வீட்டு அக்காவைக் கூட்டிப்போனேன். அவர் கையெழுத்துப் போட்டுவிட்டு, பேத்தியைப் பள்ளியிலிருந்து அழைத்து வரப் போய்விட்டார். அதற்கு மேல் அவரைத் தொந்தரவு செய்ய எனக்கும் மனமில்லை. பாதி மயக்கத்தில் கண் விழித்தபோது நர்ஸ் கேட்டது நினைவிருக்கிறது: "கூட வந்தவர் எங்கே?" நம் ஊர்களில் வழக்கம் தெரிந்ததுதானே, எடுத்த சதையைச் சிறு பிளாஸ்டிக் பாட்டிலில் போட்டு, மேலே பிளாஸ்திரியில் பெயரை எழுதி, கூட வந்தவர் கையில் கொடுத்து லேபில் கொடுத்துவிட்டு வரச் சொல்வார்கள். எனக்குக் கூட ஆள் இல்லை. "சாயங்காலம் வருவார்கள்" என்று முனகியிருக்கிறேன். சாயங்காலம் பில்லைக் கட்டிவிட்டு நானே ஆட்டோ பிடித்து வீட்டுக்கு வந்துவிட்டேன். மருத்துவமனை அனுப்பியிருக்கும் என்று நான் நினைத்தேன், நான் எடுத்துப் போயிருப்பேன் என்று அவர்கள் நினைத்திருக்கிறார்கள். டிஸ்சார்ஜ் தாளில் மட்டும் 'திசு பரிசோதனைக்கு அனுப்பப்பட்டது' என்று அச்சாகியிருந்தது.

சுரண்டி எடுத்ததால் பத்து வாரங்களுக்கு ஒரு சொட்டும் வரவில்லை. குணமாகிவிட்டது என்றே நம்பினேன். முடிவு என்ன ஆயிற்று என்று கேட்கவில்லை. ஏதாவது இருந்தால் கூப்பிட்டிருப்பார்கள் என்ற எண்ணம். மார்ச்சில் பேரன் பிறந்தான். மூன்று வாரம் பெங்களூரில் இருந்து குழந்தையைக் குளிப்பாட்டி, மகளுக்குப் பத்தியச் சமையல் செய்து போட்டுவிட்டு வந்தேன். என் வாழ்க்கையில் அத்தனை நிறைவாக இருந்த நாட்கள் குறைவு. ஏப்ரல் இரண்டாம் வாரம், மண்டியில் நாற்காலியிலிருந்து எழுந்தபோது கட்டி கட்டியாக வந்தது. சேலை முழுவதும் நனைந்துவிட்டது. மூட்டை தைக்கும் பெண் ஒருத்தி தன் துண்டை என் இடுப்பில் சுற்றிப் பின்வாசல் வழியாக அழைத்துப் போனாள்.

மறுநாள் மதுரைக்குப் போனேன். அங்கிருந்த மருத்துவர் என் பையிலிருந்த தாள்களையெல்லாம் புரட்டிவிட்டு முதலில் கேட்டது, "பயாப்ஸி முடிவு எங்கே?" என்பதுதான், அதாவது எடுத்த திசுவைச் சோதித்த முடிவு. எல்லாம் அதில் இருக்கிறது என்றேன். இன்னொரு முறை புரட்டினார். "இல்லையே அம்மா" என்றார். வெளியே நடைகூடத்தில் நின்று பழைய மருத்துவமனைக்குப் போன் செய்தேன். நாற்பது நிமிடம் ஒருவர் மாற்றி ஒருவராகப் பேசினார்கள். கடைசியில் ஒரு பெண், அப்படி ஒரு சாம்பிள் எந்த லேபுக்கும் போனதாகப் பதிவு இல்லை என்றாள். படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டேன். கோபம் பிறகுதான் வந்தது. அந்த நேரத்தில், என் உடம்பிலிருந்து வெட்டி எடுத்த சதைக்குத் துணையாக நாலு தெரு நடந்து போகக்கூட எனக்கு ஒருவர் இல்லையே என்ற நினைப்புதான் அழ வைத்தது.

தனியாக இருப்பவர்களுக்காக இதைச் சொல்கிறேன். திசு எடுக்கும் நாளுக்கு முன்பே மருத்துவமனையில் கேட்டுவிடுங்கள், சாம்பிளை லேபுக்கு யார் கொண்டுபோவார்கள் என்று. பெரும்பாலான லேபுகள் ஆள் அனுப்பி எடுத்துக்கொள்ளும், ஒரு போன் போதும். பாட்டிலில் திசு கெடாமல் காக்கும் ஃபார்மலின் ஊற்றியிருக்கிறதா, எந்த லேப், ரசீது எண் என்ன, முடிவு என்றைக்கு வரும் என்று கேட்டு ஒரு தாளில் எழுதி வாங்குங்கள். அந்தத் தேதியில் நீங்களே போய் நில்லுங்கள். 'ஏதாவது இருந்தால் கூப்பிடுவார்கள்' என்று மட்டும் இருந்துவிடாதீர்கள்.

மதுரை மருத்துவர் அன்றே மெல்லிய குழாய் ஒன்றை உள்ளே செலுத்தித் திசு எடுத்தார். மயக்கம் கிடையாது, புறநோயாளி அறையிலேயே பத்து நிமிட வேலை. மாதவிடாய் நாளில் அடிவயிறு பிடித்து இழுக்குமே, அந்த வலிதான், கொஞ்சம் கூடுதலாக. இப்படி ஒரு எளிய வழி இருக்கிறது என்று அக்டோபரிலேயே யாராவது சொல்லியிருந்தால்! எட்டாம் நாள் முடிவு வந்தது. கருப்பை உட்சவ்வுப் புற்றுநோய், எண்டோமெட்ரியாய்டு வகை, இரண்டாம் தரம். அன்று இரவு மகளுக்குப் போன் செய்தேன். அவள் அழுததைவிட, "ஏனம்மா என்னிடம் சொல்லவில்லை?" என்று திரும்பத் திரும்பக் கேட்டதுதான் தாங்க முடியவில்லை. கைக்குழந்தையோடு அவளால் வர முடியாது. எனவே மேற்கொண்டும் பெரும்பாலும் தனியாகத்தான் அலைந்தேன்.

எம்.ஆர்.ஐ.யில், கட்டி கருப்பைச் சுவரின் பாதியைத் தாண்டி இறங்கியிருப்பது தெரிந்தது. நிலை 1பி. பாதிக்குள் இருந்தால் 1ஏ. சென்னையில் ஓர் அறக்கட்டளை மருத்துவமனைக்குப் போனேன். போகும் முன் மதுரை லேபில் ரிப்போர்ட் தாளோடு ஸ்லைடுகளையும் மெழுகில் பதித்த திசுக்கட்டியையும் எழுதிக் கொடுத்துக் கேட்டு வாங்கிக்கொண்டேன். அந்த மெழுகுக்கட்டியைப் 'பிளாக்' என்பார்கள். அடுத்த மருத்துவமனை அதைத்தான் முதலில் கேட்கும், இல்லாவிட்டால் மறுபடி திசு எடுப்பார்கள் என்று மதுரை மருத்துவர் சொல்லி அனுப்பியிருந்தார். அது சரியாக நடந்தது, இரண்டு வாரம் மிச்சமானது.

மே மாதம் அறுவை சிகிச்சை. கருப்பை, சினைப்பைகள், குழாய்கள், சில நிணநீர்க் கணுக்கள் எல்லாவற்றையும் எடுத்தார்கள். என் உயரம் 154 சென்டிமீட்டர், அன்றைய எடை 84 கிலோ. மயக்க மருந்து கொடுப்பவர் இரண்டு முறை வந்து பார்த்துவிட்டுப் போனார். பருமனான உடம்புக்குச் சிறுதுளை அறுவைதான் நல்லது, காயம் சீக்கிரம் ஆறும் என்று மருத்துவர் சொன்னார். அதற்கு 40,000 ரூபாய் கூடுதல். திறந்த அறுவையே போதும் என்று சொல்லிவிட்டேன். அது தவறான சிக்கனம். பத்தாம் நாள் அடிவயிற்று மடிப்புக்குள் தையல் விட்டு நீர் கசியத் தொடங்கியது. ஐந்து வாரம் தினமும் கட்டுப் போட வேண்டியிருந்தது. அந்த வியர்வையிலும் வாடையிலும் என் உடம்பே எனக்கு அந்நியமாகப் போனது. கதிர்வீச்சும் அதனால் தள்ளிப்போனது. வசதி கொஞ்சமாவது இருந்தால் இந்த ஒரு இடத்தில் மிச்சம் பிடிக்காதீர்கள். முன்பே தெரிந்திருந்தால் கதிர்வீச்சு தேவைப்பட்டிருக்காதா என்று மருத்துவரிடம் இரண்டு முறை கேட்டேன். முதல் முறை பேச்சை மாற்றினார். இரண்டாம் முறை, "பாதிக்குள் இருந்திருந்தால் ஒருவேளை தவிர்த்திருக்கலாம்" என்றார்.

உள் கதிர்வீச்சு, அதாவது கருவியை உடம்புக்குள் வைத்துக் கொடுப்பது, மூன்று அமர்வுகள். அப்படி ஒரு நாள் காத்திருந்தபோதுதான் புற்றுநோய்ப் பதிவேட்டுக்காகத் தகவல் எழுதும் ஒரு பெண் என்னிடம் வந்தாள். சொந்த ஊர் எது, அங்கே எத்தனை ஆண்டுகளாக இருக்கிறேன், எப்போது நோய் உறுதியானது என்று கேட்டுக் குறித்துக்கொண்டாள். நான் கணக்கு எழுதுபவள் அல்லவா, "உங்கள் கணக்கில் என்ன தெரிகிறது?" என்று கேட்டேன். அவள் பொறுமையாகச் சொன்னாள், மீதியை நானே பிறகு தேடிப் படித்தேன். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் திட்டத்தின் கீழ் 1982 முதல் சென்னை நகரத்தில் யாருக்கு என்ன புற்றுநோய் வந்தது என்று அடையாறு புற்றுநோய் நிலையத்தில் பதிந்து வருகிறார்கள். எங்கள் மாவட்டத்து அம்பிலிக்கையிலும் கிராமத்து மக்களுக்கான பதிவேடு ஒன்று நெடுங்காலமாக இருக்கிறது. என் வீட்டிலிருந்து பஸ்ஸில் போகும் தூரம், எனக்குத் தெரியாது. நாற்பது ஆண்டுச் சென்னைக் கணக்கைப் பார்த்தால், தொடக்கத்தில் பெண்களிடம் முதலிடத்தில் இருந்தது கருப்பை வாய்ப் புற்றுநோய். அது இன்று பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது. மார்பகப் புற்றுநோய் ஏறக்குறைய இரு மடங்காகி முதலிடத்துக்கு வந்துவிட்டது. எண்ணிக்கையில் சிறியதானாலும் கருப்பை உட்சவ்வுப் புற்றுநோயும் ஏறிக்கொண்டே இருக்கிறது.

அதைக் கேட்ட பிறகுதான் என் ஒன்பது மாதங்கள் எனக்கு விளங்கின. நம் அம்மாக்கள் காலத்து நோய் கருப்பை வாயில் இருந்தது. ஊர், மருத்துவர், முகாம் எல்லாரும் அதைத் தேடப் பழகிவிட்டார்கள், அது தேவையும்கூட. திருமண வயது உயர்ந்தது, பிரசவங்கள் குறைந்தன, வீட்டுக்குள் தண்ணீரும் குளியலறையும் வந்தன, அந்த நோய் இறங்கியது. அதே காலத்தில் நாம் உட்கார்ந்து வேலை செய்யத் தொடங்கினோம், உடம்பு கூடியது. பிரசவம் குறைந்தது ஒரு நோய்க்கு நல்லதாகவும் மற்றொன்றுக்குக் கெடுதலாகவும் ஆயிற்று, ஏனென்றால் ஒவ்வொரு கர்ப்பமும் உட்சவ்வுக்கு ஓய்வு. எனக்கு ஒரே பிள்ளை. மார்பகப் புற்றுநோய் கூடியதற்கு எடை மட்டும் காரணம் என்று நான் சொல்லவில்லை, தாமதமான பிரசவம் உட்பட வேறு காரணங்களும் உண்டு. ஆனால் உட்சவ்வுப் புற்றுநோயில் எடையின் பங்கு மிகப் பெரியது. உலகச் சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2016-இல் உடல் பருமனோடு தொடர்பு உறுதியான 13 புற்றுநோய்களைப் பட்டியலிட்டது. பெருங்குடல், கல்லீரல், பித்தப்பை, கணையம், சிறுநீரகம், மாதவிடாய் நின்ற பின் வரும் மார்பகப் புற்றுநோய் எல்லாம் அதில் உண்டு. அவற்றுள் தொடர்பு மிக வலுவாக இருப்பது என்னுடையதில்தான். மிக அதிகப் பருமன் உள்ளவர்களுக்கு இயல்பான எடை உள்ளவர்களைவிட ஏழு மடங்கு ஆபத்து.

இது எப்படி நடக்கிறது என்று கதிர்வீச்சு மருத்துவர் ஒரு தாளில் வரைந்து காட்டினார். மாதவிடாய் நின்ற பிறகு சினைப்பை ஈஸ்ட்ரோஜன் சுரப்பதை ஏறக்குறைய நிறுத்திவிடுகிறது. ஆனால் கொழுப்புத் திசு சும்மா இருப்பதில்லை. அதில் இருக்கும் ஒரு நொதி வேறு ஹார்மோன்களை ஈஸ்ட்ரோஜனாக மாற்றுகிறது. அந்த ஈஸ்ட்ரோஜன் கருப்பைச் சவ்வை வளரச் சொல்லிக்கொண்டே இருக்கிறது. அதை அடக்கி உதிரச் செய்யும் மற்றொரு ஹார்மோன் அப்போது இல்லை. சர்க்கரை நோய்க்கு முன்னோடியான இன்சுலின் மிகுதியும் இந்த வளர்ச்சிக்கு உரம் போடுகிறது. எனக்குச் சர்க்கரை ஏழு ஆண்டுகளாக இருந்தது. எத்தனையோ மருத்துவர்கள் என்னிடம் 'உடம்பைக் குறையுங்கள்' என்று சொல்லியிருக்கிறார்கள். முழங்காலுக்காக, சர்க்கரைக்காக, இரத்த அழுத்தத்துக்காக. கருப்பைக்காக என்று ஒருவர்கூடச் சொன்னதில்லை.

திருமணத்தின்போது என் எடை 47 கிலோ. பிள்ளை பிறந்து உடம்பு பிடித்தபோது, இப்போதுதான் பூசினாற்போல் லட்சணமாக இருக்கிறாய் என்று எல்லாரும் சொன்னார்கள். பிறகு கணக்கு வேலை. காலை ஒன்பது முதல் இரவு எட்டு வரை நாற்காலி. பதினொரு மணிக்கு டீயும் வடையும், நாலு மணிக்கு டீயும் முறுக்கும். கணவர் போன பிறகு ஒருத்திக்காக என்ன சமைப்பது என்று இரவில் பரோட்டா. இதில் என் பங்கு இருக்கிறது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எல்லாமே என் குற்றம் என்ற பேச்சை ஏற்க மாட்டேன். தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டுப் பெண்களில் எடை கூடியவர்கள் 2015-16-இல் 30.9 சதவீதம், 2019-21-இல் 40.4 சதவீதம். ஐந்தில் இரண்டு பேர். இத்தனை பேரும் ஒரே நேரத்தில் சோம்பேறிகள் ஆகிவிட்டார்கள் என்றால் நம்பத் தகுந்ததா? நடக்க நிழலான ஒரு பாதை இல்லாத ஊர், வெளிச்சம் போன பிறகு வெளியே போக முடியாத பெண்கள், கையருகே எண்ணெய்ப் பலகாரம், எல்லாம் சேர்ந்ததுதான் இது. கிலோவில் எடையை மீட்டரில் உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் வருவது உடல் நிறை எண். நம் உடல்வாகுக்கு அது 23-ஐத் தாண்டினாலே எடை அதிகம், 25-ஐத் தாண்டினால் பருமன். பெண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 80 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும். தையல்காரரிடம் இருக்கும் நாடாவால் இன்றே அளந்து பாருங்கள்.

பணக்கணக்கு. முதல் கிளினிக்கும் மாத்திரையும் 4,600, ஸ்கேன் 1,400, காணாமல் போன பாட்டிலோடு சேர்த்து டி அண்டு சி 18,500. ஆக 24,500 ரூபாய் எந்தப் பயனும் இல்லாமல் போனது. மதுரையில் 9,300, எம்.ஆர்.ஐ. 7,500, அறுவையும் வார்டும் 1,62,000, கட்டுப் போட 7,000, கதிர்வீச்சு 54,000, பயணமும் சென்னையில் தங்கலும் சாப்பாடும் 46,200. மொத்தம் 3,10,500. நான்கு மாதச் சம்பளம் 56,000 தனி. மகள் ஒரு லட்சம் அனுப்பினாள், முதலாளி 50,000 முன்பணம் கொடுத்தார், ஐந்து பவுன் சங்கிலி இன்னும் அடகில் இருக்கிறது. முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை உண்டு, ஆனால் ஆண்டு வருமானம் 1,20,000-க்குள் இருக்க வேண்டும். என் வருமானம் 1,68,000. தகுதி இருப்பவர்கள் உடம்பு நன்றாக இருக்கும்போதே அட்டையை எடுத்து வைத்துவிடுங்கள். மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையிலும் காஞ்சிபுரம் காரப்பேட்டை அரசுப் புற்றுநோய் மருத்துவமனையிலும் புற்றுநோய்க்குச் சிகிச்சை உண்டு. விசாரிக்காமலே அரசு மருத்துவமனை வேண்டாம் என்று ஒதுக்கியது என் பயம்.

தனியார் காப்பீடு ஒன்றும் 2021-இல் எடுத்திருந்தேன், 3 லட்சத்துக்கு. நிராகரித்துவிட்டார்கள். விண்ணப்பத்தை முகவர் நிரப்பியிருந்தார், சர்க்கரை நோய் என்ற கட்டத்தில் 'இல்லை' என்று டிக் செய்திருந்தார், கீழே என் கையெழுத்து. படிக்காமல் போட்டது. ஊர்க் கணக்கையெல்லாம் வரி வரியாகச் சரிபார்க்கிறவள் அந்தத் தாளைப் படிக்கவில்லை. விண்ணப்பத்தை உங்கள் கையாலேயே நிரப்புங்கள், இருக்கிற நோயை எழுதுங்கள், பிரீமியம் கூடினாலும் பரவாயில்லை. நிராகரித்தால் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் இலவசமாக முறையிடலாம், சென்னையில் அலுவலகம் இருக்கிறது. ஓராண்டுக்குள் செய்ய வேண்டும். எனக்கு இது தெரிந்தபோது பதினான்கு மாதங்கள் ஆகியிருந்தன. ரயிலிலும் இப்படித்தான். சிகிச்சைக்குப் போகும் புற்றுநோயாளிக்குப் படுக்கை வகுப்பில் முழுச் சலுகை உண்டு, கூட வருபவருக்கும் 75 சதவீதம் உண்டு. மருத்துவமனையில் ரயில்வே படிவத்தில் சான்று வாங்க வேண்டும். ஐந்து முறை முழுக் கட்டணம் கொடுத்துப் போன பிறகு பக்கத்துக் கட்டில் அம்மாள் சொல்லித் தெரிந்துகொண்டேன்.

எடுத்த கட்டியில், பரம்பரையாக வரும் வகையா என்று பார்க்கும் சோதனையும் செய்தார்கள். அப்படி இல்லை என்று வந்தது. இருந்தாலும் மகளைப் பற்றிய கவலை எனக்குத் தீரவில்லை. அவளுக்குக் கல்லூரிக் காலத்திலிருந்தே சினைப்பை நீர்க்கட்டி. மூன்று மாதம், நான்கு மாதம் தூரமே ஆகாமல் இருப்பாள். அலைச்சல் மிச்சம் என்று இருவரும் விட்டுவிட்டோம். மாதக்கணக்கில் உதிராமல் சவ்வு வளர்ந்துகொண்டே இருப்பதும் இதே வழிதான் என்று இப்போது தெரிகிறது. மருத்துவரைப் பார்த்து, மாதவிடாய் ஒழுங்காக மாத்திரை எடுக்கிறாள், மாலையில் குழந்தையை வண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு ஒரு மணி நேரம் நடக்கிறாள். நான் இரண்டு ஆண்டுகளில் 84-லிருந்து 73-க்கு வந்திருக்கிறேன். இரவு பரோட்டா இல்லை, மண்டிக்கு நடந்தே போகிறேன். ஆறு மாதத்துக்கு ஒரு முறை சென்னையில் பரிசோதனை. இதுவரை எல்லாம் சுத்தம்.

போன தை மாதம், என் இடுப்பில் துண்டைச் சுற்றிய அந்தப் பெண் சாப்பாட்டு நேரத்தில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அவளுக்கு வயது 56. சாக்கு ஊசியை விரலில் உருட்டிக்கொண்டே, "அக்கா, நின்று ஆறு வருடம் ஆகிறது, போன வாரம் லேசாகக் கறை" என்றாள். சாப்பாட்டை அப்படியே மூடி வைத்தேன். மறுநாள் முதல் பஸ்ஸில் மதுரைக்குப் போனோம். ஸ்கேனில் 9 மில்லிமீட்டர் வந்தது. குழாய் வைத்துத் திசு எடுத்தார்கள். நர்ஸ் கதவைத் திறந்து, "கூட வந்தவர் யார்?" என்று கேட்டாள். எழுந்துபோய் அந்தப் பாட்டிலை வாங்கினேன். உள்ளே ஃபார்மலின் இருக்கிறதா என்று பார்த்தேன், பிளாஸ்திரியில் அவள் பெயர் சரியாக இருக்கிறதா என்று படித்தேன். இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு சாலையைக் கடந்து லேபில் கொடுத்து, ரசீதில் முடிவு வரும் தேதியை எழுதி வாங்கிக்கொண்டு திரும்பினேன்.